ஊற்றும் செறிப்பும் உதிர்ப்பும்: நஞ்சேறிய மண்ணை மீட்கும் பணி

(விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வமர்வுக்கு மருத்துவரையோ, பட்டயக் கணக்கரையோ, கணினித் துறையினரையோ அழைப்பதே வழக்கம். இம்முறை என்னை அழைத்திருக்கிறார்கள். என் தொழிலுக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் ஒன்று ஏற்படவில்லை. என் திருமணப் பேச்சின்போது பெண் வீட்டார், 'மாப்பிள்ளை என்ன செய்கிறார்?' என்று கேட்டதற்கு என் தந்தையார், 'மண்ணைப் பரிசோதிக்கிறார்' என்று விடையளித்தார். அவர்கள் என்னை வேளாண்மை அலுவலர் என்று எண்ணிக்கொண்டார்கள். திருமணம் முடிந்து ஓராண்டு கழித்துத்தான் என் மாமனாருக்கு உண்மை விளங்கியது. தொழிற்சாலைக் கழிவால் நஞ்சேறிய நிலத்தை ஆராய்தல், அந்நஞ்சு எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்று கண்டறிதல், அதனை நீக்க வழி கூறுதல், நீதிமன்றம் அழைத்தால் கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் ஆகியவையே என் பணி.

இம்மேசைமேல் இரண்டு புட்டிகள் வைத்திருக்கிறேன். முதற்புட்டியின் கதையை உங்களுள் சிலர் அறிவீர்கள். சில மாதங்களுக்கு முன் நம் இளைஞர்கள் இருபது பேர் கழுகுமலைக்கு யாத்திரை சென்றோம். பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்து, குரத்தியர் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுகளைக் கண்டு, சங்கரன்கோவில் வழியாக இராசபாளையம் சேர்ந்தோம். மறுநாட்காலை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவில் பகுதிக்குச் சென்றோம். அவ்வூரார் அவரை 'நீர்காத்த அய்யனார்' என்கின்றனர். வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அந்நகரத்திற்குக் குடிநீர் அங்கிருந்து செல்கிறது. கோவிலைச் சுற்றியுள்ள காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. நாம் வழிபடும் தெய்வம் வேறு. ஆயினும் நீரைக் காப்பதையே ஒரு தெய்வத்தின் பெயராக வைத்த மக்களின் உள்ளத்தை நான் வியந்தேன். அங்கே ஓடையில் ஒரு புட்டி நீர் எடுத்தேன். உடன் வந்த பிள்ளைகள், 'ஐயா, நல்ல நீரை ஏன் பரிசோதிக்கிறீர்கள்?' என்று சிரித்தார்கள்.

என் தொழிலின் முதற்பாடம் அதுதான். ஒரு நிலம் கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், கெடாத நிலம் எப்படி இருக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே குரோமியமும் ஆர்சனிக்கும் சிறிதளவு உண்டு. தொழிற்சாலை சேர்த்தது எவ்வளவு, இயற்கை வைத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் வழக்கை உடைத்துவிடுவார். ஆகவே நஞ்சின் கைபடாத மேலிடத்தில், அதே வகை மண்ணும் பாறையும் உள்ள இடத்தில், ஒப்பீட்டு மாதிரி எடுப்போம். அய்யனார் கோவில் ஓடைநீர் பாலாற்றங்கரைக்கு ஒப்பீடாகாது; பாறை வேறு, படுகை வேறு. பிள்ளைகளுக்கு முறையைக் காட்டவே அதை எடுத்தேன்.

இரண்டாம் புட்டி, பாலாற்றுப் படுகையில் நண்பர் ஒருவரின் வயற்கிணற்றிலிருந்து வந்தது. முன் வரிசையில் இருப்பவர்கள் இரண்டையும் பாருங்கள். வேறுபாடு தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை.

நம் வீடுகளில் நீரைத் துணியால் வடித்துக் குடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. என் பாட்டியார் வடித்ததோடு நிற்க மாட்டார். துணியில் தங்கியதைச் சிறிது வடித்த நீரால் அலசி, எந்தக் கிணற்றிலிருந்து நீர் சேந்தினாரோ அதே கிணற்றில் மெதுவாக இறக்கி விடுவார். மேலிருந்து வீச மாட்டார். துணியில் சிக்கிய சிற்றுயிர் தன் இடம் சேர வேண்டும் என்பது அவர் கருத்து. நீரை இவ்வளவு கவனத்தோடு கையாண்ட வேறொரு வாழ்க்கைமுறையை நான் பல நாடுகளின் கையேடுகளிலும் கண்டதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குரோமியம் துணியில் நிற்காது. உப்பும் நிற்காது. நம் முன்னோர் வடித்த நீரில் இல்லாத பகை ஒன்று நம் காலத்து நீரில் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கேற்ற வடிதுணியைச் செய்வதே நான் உங்களிடம் பேச வந்த தொழில்.

நவபதார்த்தங்களை இங்குள்ள சிறுவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உயிர், உயிரல்லது, நல்வினை, தீவினை, ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு. வினை உள்ளே பாய்வது ஊற்று. அவ்வாயிலை அடைப்பது செறிப்பு. முன்னரே வந்து ஒட்டியதைக் களைவது உதிர்ப்பு. ஓட்டைப் படகில் நீர் புகுந்தால் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகு உள்ளே நிற்கும் நீரை இறைக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்தார்கள். ஓட்டையை அடைத்துவிட்டு, இறைக்காமல் உட்கார்ந்திருப்பவன் கரை சேர்வானா? நம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டம் நெடுங்காலம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பெரும்பாலும் செறிப்பைப் பற்றியே பேசின. கழிவை விடாதே, சுத்திகரித்து விடு, அனுமதி பெற்று நடத்து என்றன. மண்ணில் ஏற்கெனவே இறங்கிவிட்டதை யார், எவ்வளவு காலத்தில், எந்த அளவுக்கு எடுப்பது என்பதற்குத் தெளிவான விதி இல்லை.

இதன் விளைவை நம் குடும்பங்களைவிட நன்கறிந்தவர் குறைவு. நம்மில் பலரின் பூர்வீகம் ஆற்காடு, ஆரணி, வந்தவாசி, காஞ்சிப் பகுதிகள். நாம் நிலத்தை உழுது வாழ்ந்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றில் இறங்கியதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற்போயிற்று என்பது அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அன்று அறிவித்தது. இன்று இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் அத்தீர்ப்பைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டத்தில் தேற முடியாது. நம் ஊர் நிலங்கள் அழிந்ததால் பிறந்த பாடம் அது.

சட்டம் பயிலும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு செய்தி. மனுதாரருக்காக வாதாடிய எம்.சி.மேத்தா அவர்களுக்கு வழக்கறிஞர் கட்டணமும் கைச்செலவுமாக 50,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும் என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் ஆணையிட்டது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை எதிர்கொண்ட வழக்கிற்கு அது பெருந்தொகையன்று. பணத்திற்காக இத்துறைக்கு வருவோர் இதை நினைவிற் கொள்க.

அத்தீர்ப்பின் வழியே சூழலியல் இழப்புக்கான ஆணையம் அமைந்தது. 2001இல் இழப்பீடு வரையறுத்தது. ஆயினும் விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலை மாசு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இழப்பீடு சென்று சேராத குடும்பங்களுக்கு அரசே முதலில் கொடுத்து, பின்னர் மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்பின் ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இடைப்பட்ட காலத்தில் பொதுக் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. செறிப்பு ஓரளவு நடந்தது. மண்ணில் ஏறிய உப்பு ஏறியபடியே இருக்கிறது.

இராணிப்பேட்டையைத் தனியே சொல்ல வேண்டும். ஆற்காட்டுக்கு அருகே பஞ்சபாண்டவர் மலை இருக்கிறது. பெயர் எதுவாயினும் அது நம் முனிவர்கள் தங்கிய மலை என்பதைப் பாறைச் சிற்பமும் கல்வெட்டும் சொல்கின்றன. ஆற்காட்டிலிருந்து பாலாற்றைக் கடந்தால் இராணிப்பேட்டை. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளை இருபதாண்டுக் காலம் உற்பத்தி செய்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போயிற்று, கழிவு போகவில்லை. ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கே குவிந்து கிடந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியம் இரு வடிவில் வரும். மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். அறுவிணைதிறக் குரோமியம் நீரில் எளிதாகக் கரையும், நிலத்தடி நீரோடு நடக்கும், புற்றுநோய் விளைக்கும். மழை பெய்யுந்தோறும் குவியலிலிருந்து மஞ்சள் நிற நீர் கசிந்து கீழிறங்கும். அது ஆண்டுக்கு எவ்வளவு தூரம் நகரும் என்பதை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் கணித மாதிரிகள் கொண்டு ஆராய்ந்தனர். இரும்பு சல்பேட் போன்றவற்றைச் சேர்த்து ஆறை மூன்றாக்கலாம். மேலே ஊடுருவாத போர்வை இட்டு மழையைத் தடுக்கலாம். கீழ்ப்புறக் கிணறுகளிலிருந்து நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். வழிகள் ஆய்வகத்தில் உண்டு. குவியலோ ஆலை மூடிய பின் கால் நூற்றாண்டைக் கடந்தும் அங்கேயே கிடந்தது. அறிவியல் இல்லாததால் அன்று. பொறுப்பை ஏற்க ஒருவரும் இல்லாததால்.

2025 ஜூலை 24 அன்று மத்திய அரசு, மாசுற்ற இடங்களை மேலாள்வதற்கென்றே விதிகளை அறிவிக்கை செய்தது. உதிர்ப்புக்கென்று ஏற்பட்ட முதல் விதிகள் இவை. சந்தேகத்திற்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாநில வாரியமோ, அதற்கென அமைந்த வல்லுநர் நிறுவனமோ தொண்ணூறு நாள்களுக்குள் முதனிலை ஆய்வு செய்ய வேண்டும். அதன்பின் மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் மீட்புத் திட்டம். காரணமானவர் யார் என்று கண்டறிதல். செலவை அவரிடம் வாங்குதல். ஆளில்லாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அப்போது மீட்புப் பணி தொடங்கியது ஏழு இடங்களில்தான். சுரங்கக் கழிவும், கதிரியக்கக் கழிவும், குப்பை மேடுகளும் இவ்விதிகளுக்கு உட்படா. குறைகள் உள்ளன, வேலை முடிந்தே தீர வேண்டிய கடைசி நாளை விதி கட்டாயமாக நிறுத்தவில்லை என்பது என் வருத்தம். ஆயினும் கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவின் வழியே உள்ளே செல்ல ஆள் இல்லை. அதனால்தான் அறங்காவலர்கள் அழைத்தவுடன் ஒப்புக்கொண்டேன்.

எவரெவர் வேண்டும்? நிலத்தடி நீரின் போக்கறிந்த நிலவியலாளர் வேண்டும். கோடியில் ஒரு பங்கை அளக்கும் வேதியியலாளர் வேண்டும். மண் அகழ்வையும் காப்புச் சுவர்களையும் திட்டமிடும் பொறியாளர், மனித உடலில் நஞ்சு செய்வதைக் கணிக்கும் நச்சியலாளர், வழக்கறிஞர் ஆகியோர் வேண்டும். வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் தமக்கு இடமில்லை என்று கருத வேண்டாம். இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே பிச்சிரி என்னும் சிற்றூரின் கிணறுகளை இரசாயன ஆலைகள் கெடுத்தன. மீட்புச் செலவைச் செலுத்துமாறு வந்த ஆணையைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம், 37 கோடியே 38 இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு செலுத்தச் சொன்னது. தாமதத்தால் அடைந்த ஆதாயத்தை வட்டியாகக் கணக்கிட்டு வாங்குவது கணக்கர் வேலை. நம் சமூகத்தில் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

இன்னொன்று, நில விற்பனை. நாம் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறோம். அடமானம் தெரிகிறது, பாகப்பிரிவினை தெரிகிறது. மண்ணுக்குள் இருக்கும் வில்லங்கம் அதில் தெரியாது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்தை இன்று வைத்திருப்பவரையும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாக்கலாம். ஆகவே அங்கே ஆலை நிலம் வாங்குவோர் முதலில் நிலத்தின் பழைய வரலாற்றைத் தோண்டுவார்கள். அந்நாட்டு நிறுவனங்கள் நம் மாநிலத்தில் நிலம் எடுக்கும்போதும் அதே ஆய்வைக் கேட்கின்றன. ஆரம்பநிலை வேலைகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. பழைய வருவாய்ப் பதிவேடு, பழைய வரைபடம், ஓய்வு பெற்ற தொழிலாளியின் நினைவு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை இத்தொழிலுக்கு வாருங்கள் என்று அழைக்கிறவன் இதை மறைத்தால் அது தகாது.

நான் பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு. ஓர் ஆலையின் கழிவுக் குட்டையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை தருமாறு எங்களை அமர்த்தினார்கள். கட்டணம் தருபவர் ஆலைக்காரர். கிணறுகள் ஐந்து. குட்டைக்குக் கீழ்ப்புறம், நீர் ஓடும் திசையில், ஒரு சிற்றூரின் பொதுக்கிணறு இருந்தது. 'அது எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்' என்றார்கள். என் மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எல்லைக்கு உள்ளேயிருந்த ஐந்து கிணறுகளிலும் முறைப்படி மாதிரி எடுத்தேன். அவற்றுள் நான்கு மேற்புறத்தில் இருந்தன. எண்கள் யாவும் உண்மையான எண்கள். அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 'ஆய்ந்த கிணறுகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஆறாண்டுகள் கழித்து வேறொரு பணிக்காக அவ்வூர் வழியே சென்றபோது, அந்தப் பொதுக்கிணறு முள்வேலியிட்டு மூடப்பட்டிருந்தது. ஒரு முதிய பெண்மணி, 'அதிகாரிங்க எல்லாம் வந்து பாத்து, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்களாம்' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வறிக்கை எங்கோ ஒரு கோப்பில் என் கையொப்பத்தோடு இன்னும் இருக்கிறது.

வாய்மை அணுவிரதம் பொய் சொல்லாமையோடு முடிவதன்று என்பதை நான் பாடசாலையில் படித்திருந்தேன். புரிந்துகொண்டது அந்த வேலியருகில். அன்றுமுதல் நான் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். நீரோட்டத்தின் கீழ்ப்புறத்தில் மாதிரி எடுக்க ஒப்பாத எவரிடமும் பணி ஏற்பதில்லை. அதனால் சில ஆண்டுகள் வருமானம் குறைந்தது. என் மனைவி குறை சொல்லவில்லை. ஆய்வாளனுக்குப் பணம் தருபவரும் ஆய்வுக்கு உட்படுபவரும் ஒருவராகவே இருப்பது இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2009இலிருந்து, உரிமம் பெற்ற வல்லுநர் ஒருவர் நிலம் தூய்மையானது என்று கையொப்பமிட வேண்டும். பிழைத்தால் உரிமம் பறிபோகும். நம் நாட்டில் அத்தகைய தனி உரிமம் இன்னும் ஏற்படவில்லை. ஏற்படும் வரை, கையொப்பமிடுபவரின் விரதமே உரிமம்.

தாய்மார் ஒருவர் என்னிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வி இது: 'மண்ணை வீணே தோண்டுவதும் நீரை வீணே இறைப்பதும் அனர்த்த தண்டம் என்று அருங்கலச்செப்பு வழி நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். இயந்திரம் கொண்டு மண்ணைப் பெயர்ப்பதும், சுட்டெரிப்பதும் சிராவகர் செய்யத்தக்க தொழிலா?' மிக நல்ல கேள்வி. பயனின்றிச் செய்வதே அனர்த்த தண்டம். இங்கே பயன் உண்டு. உழவனுக்கு நேர்வதைப் போன்ற தொழில்வழி இம்சை இது, சங்கற்ப இம்சையன்று, என்று நூல்வழி விடை சொல்லிவிடலாம். ஆனால் களத்தில் விடை அவ்வளவு எளிதன்று.

கொடைக்கானலில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1983முதல் இயங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்மக்கள் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. கழிவு வந்த நாட்டுக்கே திரும்புவது அரிய நிகழ்ச்சி. என் பாட்டியார் வடிதுணியை அதே கிணற்றில் அலசியது எனக்கு நினைவுக்கு வந்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்போடு உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மண்ணில் இறங்கிய பாதரசமோ அதற்குப் பிறகும் வழக்காக நின்றது. மண்ணைக் கழுவி, எஞ்சியதைச் சூடாக்கி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிரவைத்துப் பிடிப்பது முறை. எந்த அளவுக்குத் தூய்மை செய்வது என்பதில் போராட்டம். கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் போதும் என்று வரையறுத்தனர். அதற்கும் கீழே சென்றால் மேலும் மரங்களை வெட்ட நேரும், சரிவு மண் அரித்துச் செல்லும் என்பது ஒரு தரப்பின் வாதம். பாம்பார் சோலையை ஒட்டிய நீர்ப்பிடிப்பில் இவ்வளவு பாதரசத்தை விட்டு வைப்பது தகாது என்பது மறுதரப்பின் வாதம். இரண்டும் உயிர்களைக் காட்டியே வாதாடின.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். பாதரசம் மீனில் சேர்ந்து, மீனுண்பதில் சேர்ந்து, பெருகிக்கொண்டே செல்லும். வெட்டிய மரம் மீண்டும் வளரும். நான் கடுமையான அளவின் பக்கம். என்னுடன் பணியாற்றிய அறிஞர் ஒருவர் மரங்களின் பக்கம். எங்கள் நட்பு குலையவில்லை. சூடாக்கப்பட்ட மண்ணில் நுண்ணுயிர் எதுவும் எஞ்சாது என்பதையும் நான் மறைக்கவில்லை. அம்மண்ணைத் திரும்ப நிரப்பியபின் மட்கிய எருவும் உயிர்மண்ணும் சேர்த்துக் காக்குமாறு ஒவ்வொரு திட்டத்திலும் எழுதுகிறேன். சில இடங்களில் தோண்டாமல் விடுவதே நன்று. நஞ்சு தானே சிதைவதைக் கண்காணித்திருக்கலாம். வினை பயன்கொடுத்துத் தானே உதிர்வதும் உண்டு, தவத்தால் முன்னரே உதிர்ப்பதும் உண்டு என்று படித்த நமக்கு இது புதிதன்று. எண்ணெய்க் கசிவு நாளடைவில் சிதையும். குரோமியமும் பாதரசமும் தனிமங்கள். எத்தனை காலம் காத்திருந்தாலும் அவை அழிவதில்லை.

உதிர்த்ததை எங்கே வைப்பது என்பதையும் கேளுங்கள். 2025 ஜனவரியில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நாற்பதாண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பீதம்பூருக்கு எடுத்துச் சென்றனர். பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அது எரிக்கப்பட்டது. தொழில்நுட்பப்படி சரியாகவே நடந்திருக்கலாம். ஆனால் அவ்வூராரிடம் முன்னரே அமர்ந்து பேச ஒரு நம்பத்தகுந்த ஆள் இருந்தாரா என்பதே என் கேள்வி. மக்களிடம் அவர்கள் மொழியில் விளக்கத் தெரிந்தவருக்கு இத்துறையில் பெருந்தேவை இருக்கிறது. தமிழ் படித்த பிள்ளைகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டம் படிப்போர் இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், சூழல் தகராறு ஒன்றைப் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் கொண்டு செல்ல வேண்டும். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்க ஐந்தாண்டுகள் உண்டு. ஊரில் கிணறு கெட்டால், பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருந்தே காலம் கடந்துவிடுகிறது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நீதிபதிகளோடு அறிவியல் வல்லுநர்களும் சரிசமமாக அமர்ந்து விசாரிக்கும் மன்றம் அது. நீண்ட அனுபவமுள்ள பொறியாளரும் வேதியியலாளரும் அங்கே தீர்ப்பெழுதும் இடத்திற்கு வரலாம். கல்விக்கு அண்ணா பல்கலைக்கழகமும், சென்னை ஐ.ஐ.டி.யும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அருகிலேயே உள்ளன. ஆராய்ச்சிக்கு நாக்பூரின் நீரி நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குப் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் தேவை. தொடக்க ஊதியம் கணினித் துறைக்கு ஈடாகாது. அதை ஒளிக்க விரும்பவில்லை. வெயிலும் நாற்றமும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு இது ஆகுமா என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பயின்றவர்களுள் களத்தில் மிகக் கண்டிப்பானவர் ஒரு பெண்மணி. லாரிக்காரர்கள் அவர் வந்தாலே எடைச்சீட்டைத் தயாராக வைத்துக்கொள்வார்கள்.

மீண்டும் புட்டிகளுக்கு வருகிறேன். பாலாற்றுப் புட்டியின் முடிவு வந்துவிட்டது. குரோமியம், குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. கரைந்த உப்புகளின் அளவோ, வேறு நீர் கிடைக்காத இடத்திற்கென விட்டுக்கொடுத்த உச்சவரம்பாகிய 2000 மில்லிகிராமையும் தாண்டிவிட்டது. நண்பர் அக்கிணற்று நீரை இன்றும் நெல்லுக்குப் பாய்ச்சுகிறார்.

ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைப் பாருங்கள். எடுத்த இடம், ஆழம், நாள், நேரம், எடுத்தவர் பெயர், உடனிருந்தவர் பெயர், ஆய்வகத்தில் பெற்றுக்கொண்டவர் கையொப்பம். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் நீதிமன்றத்தில் அது வெறும் தண்ணீர்ப் புட்டி. அறுவிணைதிறக் குரோமியத்திற்கானால் குளிர்ச்சியில் வைத்து இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர்ப்பது வழக்கம். வெற்றுச் சீட்டுகள் நூறு கொண்டுவந்திருக்கிறேன். பாலாறு, செய்யாற்றுக் கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள் இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் முறையைக் காட்டித் தருகிறேன். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கட்டணத்தை அறக்கட்டளையே ஏற்கும் என்று தலைவர் அவர்கள் காலையில் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் மனம் மாறுவதற்குள் அதைச் சபையறியச் சொல்லிவிட்டேன்.